செல்லாயி நிறுத்திய மாத்திரை

சன்னாசிக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது பஸ் ஓட்டும் லைசனைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு, தீபாவளி முடிந்த மறுவாரம். பஸ் ஓட்டுகிறவர்கள் டாக்டரிடம் உடம்பைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற ஆண்டுகளில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் அது. அந்த முறை கோலகங்சாரில் இருந்த தனியார் டாக்டர் ஒரு கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு கையிலும் பார்த்தார். பிறகு படுக்க வைத்துப் பார்த்தார். இருநூறுக்கு நூற்றிருபது இருந்தது. இந்த உடம்போடு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகத் தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மலாயில் சொன்னார். ஒரு காகித உறையில் வெள்ளை மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அவர் மனைவி செல்லாயி அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். லைசனைப் பற்றி அப்போது அவள் நினைக்கவே இல்லை. அவளுக்குத் தன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவள் பாடாங் ரெங்காஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவள். பதினான்கு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். அவளுக்குப் பதினெட்டு வயதானபோது, பால் நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் தோளில் பால்வாளி தொங்கும் காண்டாக் கம்போடு வந்த அப்பா அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். இரண்டு வாளிப் பாலும் தரையில் ஓடியது. வலது பக்கம் முழுக்கச் செத்துப்போய், பேச்சும் போய், மூன்று வருஷம் படுக்கையில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். அது பிரஷரால் வந்தது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

ஆகவே அந்த மாத்திரைகளை அவள் சாமி பிரசாதம் மாதிரிதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பசியாறியதும் அவளே உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். அவர் விழுங்குகிற வரைக்கும் நகர மாட்டாள். இரண்டு வாரத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது, போதாது என்றார் டாக்டர். மாத்திரை மூன்று வேளையானது. பிறகு வேளைக்கு இரண்டானது. ஜனவரி மாதத்தில் அளவு நூற்று ஐம்பதுக்கு வந்ததும் டாக்டர் கையெழுத்துப் போட்டார். சன்னாசி அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வரும் வழியில் அவளுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்.

அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. அவளுக்கு நாற்பத்திரண்டு. அவர்கள் இருந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் எண்ணெய்க்கான செம்பனை போட்டபோது பாதிப் பேருக்கு வேலை போனது. சன்னாசி தோட்டத்து லாரி ஓட்டிய பழக்கத்தில், பஸ் முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயிடம் டிரைவராகச் சேர்ந்தார். பாடாங் ரெங்காசிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிற பெண்களை விடியற்காலையில் ஏற்றி, பெராப்பிட் மலையைத் தாண்டி, கமுந்திங்கில் இருந்த நூல் தொழிற்சாலையில் இறக்க வேண்டும். மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றிவர வேண்டும். செல்லாயியும் அதே தொழிற்சாலையில்தான் நூற்கும் பிரிவில் நின்றாள். புருஷன் ஓட்டுகிற பஸ்ஸில் பெண்சாதி ஏறிப்போவதை மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் ஒரு ரகசியப் பெருமை உண்டு.

மாத்திரையின் அளவு கூடியதிலிருந்து சன்னாசியிடம் ஒரு மாற்றத்தை அவள் கவனித்தாள். வாய் காய்ந்து போகிறது என்று சதா தண்ணீர் குடித்தார். பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு டக்கென்று சத்தம் வந்தது. வேலை விட்டு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே இருக்க, தலை தொங்கிவிட்டது. வயசாகுதுல்ல என்று அவர் சிரித்துச் சமாளித்தார். உடம்பு ஓய்வு கேட்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று அவளும் நினைத்துக்கொண்டாள். இந்த மாத்திரை தூக்கம் தரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உறையின் மேல் ஆங்கிலத்தில் ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற அவளுக்கு அதில் எண்கள் மட்டும்தான் புரிந்தன.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. மலையில் ஏறும்போது வழக்கம்போலப் பனி மூடியிருந்தது. பஸ்ஸுக்குள் முப்பத்தெட்டுப் பெண்களும் ஜன்னல் கம்பியிலும் பக்கத்துத் தோளிலும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லாயி மூன்றாவது வரிசையில் இருந்தாள். எப்படியோ அவளுக்கு விழிப்புத் தட்டியது. டயருக்கடியில் சரளைக்கல் நெரிகிற சத்தம். தார் ரோட்டில் கேட்கக் கூடாத சத்தம் அது. நிமிர்ந்து பார்த்தாள். பஸ் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கத்து ஓரத்துக்குப் போயிருந்தது. அந்தப் பக்கம் சரிவு. எதிரே பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் புருஷனின் முகம் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன.

அவளுக்குக் குரல் வரவில்லை. எதிரே வந்த வண்டியின் ஹாரன்தான் அவரை எழுப்பியது. சன்னாசி உதறிக்கொண்டு ஸ்டீயரிங் வட்டை இடப்பக்கம் ஒடித்தார். மரக்கட்டை ஏற்றிய லாரி பஸ்ஸின் பக்கவாட்டை உரசுகிற மாதிரி, காற்றை அறைந்துகொண்டு கடந்து போயிற்று. தூக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். செல்லாயியோடு ஒரே பிரிவில் வேலை செய்கிற பாப்பாவுக்கு நெற்றி கம்பியில் இடித்துப் புடைத்துவிட்டது. என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, லாரிக்காரன் தூங்கிட்டான் போல என்றார் சன்னாசி, திரும்பிப் பார்க்காமல். கமுந்திங் போகிற வரைக்கும் பெண்கள் அந்த லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அண்ணன் இல்லாவிட்டால் இன்றைக்கு எல்லாரும் போயிருப்போம் என்று பாப்பா சொன்னாள். செல்லாயி வாயைத் திறக்கவில்லை. மடியில் இருந்த சோற்று டிபனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவள் கேட்டாள். சன்னாசி முதலில் மழுப்பினார். பிறகு, இது மூன்றாவது தடவை என்று ஒப்புக்கொண்டார்.

"கண்ணு மூடுறதே எனக்குத் தெரியல புள்ள. தூக்கம் வருதுன்னு தெரிஞ்சா வண்டிய ஓரங்கட்டலாம்லா. இது விளக்க அணைச்ச மாதிரி போயிடுது."

டாக்டரிடம் சொல்லலாம் என்றாள் அவள். சொன்னால் போட்ட கையெழுத்தை டாக்டர் திரும்ப வாங்கிவிடுவார் என்றார் அவர். பிறகு அவருக்கு என்ன வேலை இருக்கிறது? தோட்டமும் இல்லை, ரப்பரும் இல்லை. ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் டாக்டர் பேச்சை விட்டுவிட்டாள். அந்த நேரத்தில் இருவரும் சேர்ந்து ஒரு தப்பைச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் மூன்றாவது வரிசையை விட்டு, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கைக்கு மாறினாள். கையில் ஒரு பொட்டலம் ஆசாம் பழம். அந்த உப்புப் புளிப்புக் காய்ந்த பழத்தை வாயில் போட்டால் எச்சில் ஊறும், தூக்கமும் கலையும் என்று அவளாகக் கண்டுபிடித்தது. மலையடி வந்ததும் ஒன்றை முன்னால் நீட்டுவாள். பிறகு பேச ஆரம்பிப்பாள். தங்களின் ஒரே மகள் பத்து காஜாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளைப் பற்றிப் பேசுவாள். கறிக்கு என்ன வைப்பது என்று கேட்பாள். முதல் நாள் சொன்னதையே மறுபடி சொல்லுவாள். அவர் "ம்" என்று சொல்கிற வரைக்கும் அடுத்த வார்த்தைக்குப் போக மாட்டாள். வீட்டில் பேசியது பத்தலையா என்று பின்னாலிருந்து யாராவது சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அவள் கண் கண்ணாடியை விட்டு நகராது. மலையில் எத்தனை வளைவு என்று அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசி வளைவு இறங்கிச் சங்காட் ஜெரிங் கடைகள் தெரியும்போதுதான் அவள் நிமிர்ந்து மூச்சு விடுவாள். சட்டையின் முதுகு ஈரமாக ஒட்டியிருக்கும்.

அந்த மூச்சும் எட்டு மணி நேரத்துக்குத்தான். மூன்று மணிக்குத் திரும்பவும் அதே மலை. இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது அறுந்த நூலை முடிய மறந்து நிற்பாள். மேற்பார்வைக்காரி வந்து அதட்டுவாள். பக்கத்து இயந்திரத்தில் நிற்கிற பாப்பா தன் பிள்ளை நடக்கத் தொடங்கியதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அதைக் கேட்டதும் செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாப்பாவிடம் சொல்லிவிடலாமா, நாளையிலிருந்து இந்த பஸ்ஸில் வராதே என்று மட்டுமாவது சொல்லலாமா என்று நினைப்பாள். ஒருத்தியிடம் சொன்னால் முப்பத்தேழு பேரிடமும் சொன்ன மாதிரி. அவள் சொல்லவில்லை.

இப்படி ஐந்து வாரம் போயிற்று. மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, மலைமேல் மழை தூறிக்கொண்டிருந்தபோது, அவள் ஏதோ கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள். அவர் தோள் ஒரு பக்கமாகத் தளர்ந்திருந்தது. யோசிக்க நேரமில்லை. எட்டி அவர் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். பஸ் ஒரு துள்ளுத் துள்ளி நேரானது. பின்னாலிருந்து யாரும் பார்க்கவில்லை. அவள் விரலிடுக்கில் நரைத்த மயிர் நாலைந்து சிக்கியிருந்தது. அதைப் பார்த்தபடி அவள் முடிவு செய்தாள். டாக்டரிடமும் போகப் போவதில்லை, தவுக்கேயிடமும் சொல்லப் போவதில்லை. மருந்துதானே இதைச் செய்கிறது. மருந்து வேண்டாம்.

அவளுக்கு அப்பா ஞாபகம் வராமல் இல்லை. ஒரு பக்கம் செத்த அந்த உடம்பை மூன்று வருஷம் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டியவள் அவள். ஆனால் அது எப்போதோ வரலாம், வராமலும் போகலாம். மலை தினமும் இரண்டு தடவை வருகிறது. எதற்கு அதிகம் பயப்படுவது என்று அவளுக்கு வேறு மாதிரி எடைபோடத் தெரியவில்லை. வியாழக்கிழமை ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு கடைசி இரண்டு மாத்திரையைக் கொடுத்தாள். மறுநாள் காலையில் கொடுக்கவில்லை. உறையைக் கைக்குட்டையில் முடிந்து, யாரும் எடுத்துவிடக் கூடாதென்று தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சன்னாசி மறுக்கவில்லை. அவருக்கு அது விடுதலையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவர் ஆளே மாறிவிட்டார். வாய் காயவில்லை. திரும்பும்போது மலையில் அவரே பேச்சுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தூங்காமல் கோழிக்கூட்டுக்குப் புதுக் கதவு அடித்தார். செல்லாயி அன்று ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள். சனிக்கிழமையும் நன்றாகத்தான் ஓட்டினார். சாயங்காலம் மட்டும் பின்மண்டை வலிக்கிறது என்றார். கைவிரல் லேசாக ஆடியது. ராத்திரி முழுக்க அவர் புரண்டுகொண்டே இருந்ததை அவள் தூக்கத்தில் உணர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய தம்பி அர்ச்சுனன் அங்கே ஒரு பட்டறையில் வேலை செய்து, குனோங் ராபாட்டில் வரிசை வீடு ஒன்று வாங்கியிருந்தான். அன்று புதுமனை புகுவிழா. வாடகைக் காரில் போகும்போதே சன்னாசி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் கூட்டம். பால் பொங்கி முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சன்னாசி தண்ணீர் டம்ளரை எடுத்தார். கை ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் இலை முழுக்கச் சிந்தியது. செல்லாயி ஓடிவந்து பார்த்தபோது முகம் வெளுத்து, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக்குள் இதயம் அடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியது.

"யாரோ என்னைய கொல்ல வர்ற மாதிரி இருக்கு செல்லாயி. எங்கேருந்துன்னு தெரியல. இங்கேருந்து போயிடலாம்."

லாரி முன்னால் வந்தபோதுகூட அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததில்லை. சுண்ணாம்பு மலை வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிறது. அது சரிந்து விழுகிறது என்றும் அவர் சொன்னார். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். கண் பட்டிருக்கும் என்று ஒருவர், வாயு என்று இன்னொருவர். அர்ச்சுனன் எதையும் காதில் வாங்காமல் காரைக் கிளப்பினான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய வலது கையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள் செல்லாயி. வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கிறது என்றார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பதில் வருகிற வரைக்கும் அவள் செத்துப் பிழைத்தாள்.

அன்று அவசரப் பிரிவில் இருந்தது அம்பிகை என்ற பெண் டாக்டர். யாழ்ப்பாணத்துத் தமிழர் குடும்பம். முப்பது வயதுதான் இருக்கும். பட்டையைக் கட்டிப் பார்த்தவர், பாதரசம் ஏறி நின்ற இடத்தைப் பார்த்து இன்னொரு கருவி கொண்டுவரச் சொன்னார். அதிலும் இருநூற்று நாற்பது. தாதிகள் சுற்றிச் சூழ்ந்தார்கள். சன்னாசியின் சட்டையை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் செல்லாயியின் பக்கம் திரும்பி, இவருக்கு முன்பே பிரஷர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். மருந்து எடுக்கிறாரா?

"எடுக்கிறாரு, டாக்டரம்மா."

"ஒழுங்கா எடுக்கிறவரோ? இடையில நிப்பாட்டினவரோ?"

ஒரே ஒரு கணம்தான். நிறுத்தினோம் என்றால் ஏன் என்பார். தூக்கம் வந்தது என்றால் என்ன வேலை என்பார். பஸ் டிரைவர் என்றால் எல்லாம் வெளியே வந்துவிடும். லைசன் போகும். போலீசுக்குக்கூடப் போகலாம், முப்பத்தெட்டுப் பேரைத் தெரிந்தே ஏற்றிப் போனவர்கள் இவர்கள் என்று எழுதிவிடலாம். இடையில் நிறுத்தவே இல்லை, ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்றாள் செல்லாயி. அவள் வாய் சொன்னதை அவள் காது வேறு யாரோ சொல்வது போலக் கேட்டது.

டாக்டர் தலையசைத்துவிட்டுப் படுக்கைக்குப் போனார். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவருக்கு ஏன் இப்படி ஏறியது என்று அவருக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இதயம் அடிக்கிற வேகத்தை முதலில் அடக்க வேண்டும் என்று தாதியிடம் ஆங்கிலத்தில் ஏதோ மருந்தின் பெயரைச் சொன்னார். தாதி கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினாள். செல்லாயி திரைக்கு வெளியே நின்று அந்த ஊசியைப் பார்த்தாள். அவளுக்கு மருந்து தெரியாது, ஊசி தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. அந்த டாக்டர் பொய்யை நம்பிக்கொண்டு வைத்தியம் செய்கிறார். பொய் சொன்ன வழியில் இந்த ஊசி எங்கே போய் முடியும் என்று அந்த டாக்டருக்கும் தெரியாது. மலையில் கண்ணை மூடிக்கொண்டு போனது போலத்தான் இதுவும். அன்றைக்கு அவளுக்குக் குரல் வரவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாதி வெளியே இருக்கச் சொன்னதை அவள் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டை முடிச்சை டாக்டர் கையில் வைத்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன், டாக்டரம்மா. வியாழக்கிழமையோட நிறுத்திட்டோம். நான்தான் நிறுத்தினேன். வண்டி ஓட்டையிலே தூங்குறாரு."

அம்பிகை உறையைப் பிரித்து ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். ஆறு என்றதும் தாதியின் கையைப் பிடித்து ஊசியை நிறுத்தினார். பிறகு அவர் அவளைத் திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. வேறு மருந்துகளின் பெயரை மளமளவென்று சொன்னார். அந்த வெள்ளை மாத்திரையிலேயே இரண்டைச் சன்னாசியின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்துதான் விளக்கிச் சொன்னார். அந்த மாத்திரை தூக்கம் கொடுக்கும், வாயைக் காய வைக்கும், அது பலருக்கும் வருகிறதுதான். அதற்காக அதை ஒரே நாளில் விட்டுவிட்டால், அடக்கி வைத்திருந்த பிரஷர் பழைய இடத்தையும் தாண்டி எகிறும். நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் பயம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அந்த ஊசியைப் போட்டிருந்தால் இதயம் வேண்டுமானால் அடங்கியிருக்கும், பிரஷர் இன்னும் ஏறியிருக்கக்கூடும்.

"நீங்கள் சொன்னது நல்லதாப் போச்சுது. இதையெல்லாம் மருந்து தரேக்கையே உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும்," என்றார்.

அர்ச்சுனன் செல்லாயியை நாற்காலியில் இருத்தினான். சாயங்காலம் அவளை உள்ளே விட்டார்கள். சன்னாசி தூங்கிக்கொண்டிருந்தார். அத்தனை நாளும் அவர் தூங்குவதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருக்கும். அன்றும் அவளால் நம்ப முடியவில்லை. கட்டிலின் காலருகே நின்று, அவர் பாதங்களை விரலால் சுரண்டினாள். இரண்டு பாதமும் விலகின.

பதினாறு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அந்த மாத்திரையை ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நான்கு என்று இறக்கி, பக்கத்திலேயே வேறொரு மருந்தை ஏற்றினார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று அம்பிகை கடிதம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு நாளைக்கு என்று அதில் இல்லை. வார்டிலிருந்து வந்த மறுநாளே சன்னாசி அதை எடுத்துக்கொண்டு தவுக்கேயிடம் போனார். மலையில் தூங்கியதையும் லாரிக்காரன் மேல் பழி போட்டதையும் மறைக்காமல் சொன்னார். தவுக்கே பஸ் சாவியைக் கேட்டு வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாராம். பிறகு, பஸ்களைக் கழுவி எண்ணெய் பார்க்கிற வேலைக்கு வேண்டுமானால் வா என்றிருக்கிறார். அதற்கும் சன்னாசி போனார்.

பெண்களிடம் சொல்வது செல்லாயியின் பாடு. புது டிரைவர் ஓட்டிய பஸ்ஸில், மலை ஏறுவதற்கு முன்பே, இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னாள். ஐந்து வாரம் தெரிந்தே பேசாமல் இருந்ததையும் சொன்னாள். சிலர் அழுதார்கள். ஒருத்தி கெட்ட வார்த்தையில் திட்டினாள். பாப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அங்கே தழும்புகூட இல்லை.

"எம்புள்ள பேர தினமும் ஒங்கிட்ட சொல்லிக்கிட்டு நின்னேனேக்கா," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றும் பாப்பா அவளோடு பேசவில்லை. செல்லாயி அதைத் தப்பென்று நினைக்கவும் இல்லை. பாப்பா திரும்பப் பேசத் தொடங்கியபோதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் அறுந்த நூலைக் காட்டி, அக்கா அங்க பாருங்க என்றாள்.

சன்னாசிக்குத் திரும்ப லைசன் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. புது மருந்தில் தூக்கம் இல்லை. ஆனாலும் பெண்களை ஏற்றி மலை தாண்டுகிற வேலையை அவர் கேட்கவில்லை, தவுக்கேயும் கொடுக்கவில்லை. கோலகங்சார்ப் பக்கம் பலசரக்கு ஏற்றிப் போகும் சிறிய லாரியைச் சமதரையில் ஓட்டினார். எண்பத்தேழில் அந்தப் புது மருந்துக்கும் ஒரு கோளாறு வந்தது. கணுக்கால் இரண்டும் பூரிபோல வீங்கின. அன்று அவர் பயந்ததைவிடச் செல்லாயி குறைவாகத்தான் பயந்தாள். மாத்திரையை நிறுத்தவில்லை. உறையையும் கையில் எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னலில் அவளை எல்லாருக்கும் தெரியும். வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு உடனே நகர மாட்டாள். இது தூக்கம் தருமா, தலை சுற்றுமா, வண்டி ஓட்டலாமா, ஒரு வேளை மறந்தால் என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். மலாயில் சொன்னால் தமிழ் தெரிந்த தாதி யாராவது இருக்கிறார்களா என்று கேட்பாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். சன்னாசி கூச்சத்தோடு சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொள்வார். பதிலைக் கேட்டு முடித்து, உறையின் மேல் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் அவள் அந்த ஜன்னலை விடுவாள்.